எட்டு போட்டுக் காட்டிய ஆன்டிவைரஸ்

2015 ஏப்ரல் கடைசியில் ஐரோப்பாவின் மூன்று ஆன்டிவைரஸ் பரிசோதனைக்கூடங்கள் சேர்ந்து ஓர் அறிக்கை விட்டன. ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ருக் நகரத்து ஏவி-கம்பேரடிவ்ஸ், ஜெர்மனியின் மாக்டபுர்க் நகரத்து ஏவி-டெஸ்ட், இங்கிலாந்தின் வைரஸ் புல்லட்டின். ஒரே தொழிலில் இருக்கும் மூவர் ஒரே குரலில் பேசுவது அபூர்வம். சீனாவின் சீஹூ 360 நிறுவனம் பரிசோதனைக்கு அனுப்பிய மென்பொருளில், ருமேனியாவின் பிட்டிஃபெண்டரிடம் உரிமம் வாங்கிய எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சீனாவில் மக்கள் கையில் இருந்த பதிப்பிலோ அந்த எஞ்சின் அணைத்து வைக்கப்பட்டு, நிறுவனத்தின் சொந்த எஞ்சின் வேலை பார்த்தது. உள்ளூர்ப் பயனாளர்களின் தேவை வேறு என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. கூடங்கள் ஏற்கவில்லை, அந்த ஆண்டு கொடுத்த சான்றிதழ்களைத் திரும்பப் பெற்றன.

ஆர்.டி.ஓ. மைதானத்தில் எட்டு போட்டுக் காட்டியவர் ஒருவர், மறுநாள் பஸ்ஸை எடுத்துக்கொண்டு வந்தவர் இன்னொருவர் என்கிற கதைதான். ஆள்மாறாட்டம் பிடிபட்டதற்காக எட்டு போடுவதையே நிறுத்திவிட முடியாது. அந்த மைதானத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் மதிப்பெண்ணுக்கு எவ்வளவு மரியாதை தரலாம் என்பதும் தெரியும்.

இன்ஸ்ப்ருக்கில் நடப்பது சுருக்கமாக இது. புதிதாக விண்டோஸ் ஏற்றிய கணினி, அதில் ஓர் ஆன்டிவைரஸ். விஷம் வைத்த ஓர் இணைய முகவரிக்கு அந்தக் கணினியைக் கூட்டிப் போகிறார்கள். தடுத்ததா, பயனாளரைக் கேட்டதா, கோட்டை விட்டதா என்று குறித்துக்கொள்கிறார்கள். பிறகு கணினியைத் துடைத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து அடுத்த முகவரி. இப்படிச் சில நூறு தடவை. சாதாரண ஃபைல்களையும் நல்ல தளங்களையும் காட்டி, வீணாகக் கூச்சல் போடுகிறதா என்றும் பார்க்கிறார்கள். மாக்டபுர்க்கில் பாதுகாப்பு, வேகம், பயன்பாடு ஒவ்வொன்றுக்கும் 6 மதிப்பெண், ஆக 18.

இங்கே ஒரு கணக்கு. 400 வைரஸ்களைக் காட்டி 400-ஐயும் பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு நூறு. இதிலிருந்து அது தவறவே விடாது என்று சொல்லிவிடலாமா? புள்ளியியலில் மூன்றின் விதி என்று ஒன்று உண்டு. ஒரு சோதனையில் தோல்வியே வரவில்லை என்றால், 3-ஐச் சோதனைகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்க்க வேண்டும். உண்மையான தோல்வி விகிதம் அந்த அளவு வரை இருக்கலாம். அதைத் தாண்டாது என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம். 3-ஐ 400-ஆல் வகுத்தால் 0.75 சதவீதம். ஆக, 100 வாங்கிய மென்பொருளின் உண்மையான தரம் 99.25-ஆகவும் இருக்கக்கூடும். ஒன்றைத் தவறவிட்டு 99.75 வாங்கிய பக்கத்துக் கம்பெனியை இதை வைத்துக் கீழே தள்ளுவதில் அர்த்தமில்லை. அட்டைப்பெட்டியில் தசமப் புள்ளிக்குப் பின்னால் நடக்கும் சண்டையில் பெரும்பகுதி வெறும் அதிர்ஷ்டம்.

அதே மென்பொருள் தொடர்ந்து ஆறு தடவை 400-க்கு 400 வாங்கினால்? இப்போது 3-ஐ 2,400-ஆல் வகுக்கிறோம்: 0.125 சதவீதம். சந்தேகத்தின் அகலம் ஆறில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. ஒற்றைப் பதக்கம் சொல்லாததை நீண்ட வரலாறு சொல்வது இந்த வழியில்தான்.

ஆனால் ஓர் இடறல் உண்டு. இந்தக் கணக்கு ஒரே பகடையைத் திரும்பத் திரும்ப உருட்டுவதாக எண்ணிக்கொள்கிறது. ஆன்டிவைரஸ் ஒரே பகடை இல்லை. ஒரே நாளில் பல முறை அப்டேட் ஆகிறது. எதிராளியும் சும்மா இல்லை. தினமும் 4,50,000-க்கு மேல் புதிய தீநிரல்களையும் வேண்டாத நிரல்களையும் பதிவுசெய்வதாக ஏவி-டெஸ்ட் சொல்கிறது. மூன்றாண்டுக்கு முன் தேர்வு எழுதிய மென்பொருள் இன்று எந்தக் கணினியிலும் கிடையாது. அப்படியானால் அந்த நீண்ட வரலாறு யாருடையது? அதைச் செய்கிற பட்டறையுடையது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. புது வைரஸ் வந்ததும் எவ்வளவு சீக்கிரம் எழுந்துகொள்கிறார்கள், அவசரத்தில் எவ்வளவு நிதானம் காக்கிறார்கள் என்கிற பழக்கத்தை அது அளக்கிறது. 1991-இல் தொடங்கிய சென்னையின் கே7 போன்ற நிறுவனங்கள் இந்தத் தேர்வுகளுக்கு மறுபடி மறுபடி வந்து உட்காருவதை அப்படித்தான் பார்க்க வேண்டும்.

பழக்கமும் மாறும். 2012 இறுதியில் மைக்ரோசாஃப்டின் இலவச ஆன்டிவைரஸ், ஏவி-டெஸ்ட் சான்றிதழை இழந்தது. நிறுவனத்தின் பதில் சுவாரஸ்யமானது: தவறவிட்டதாகச் சொல்லப்படும் மாதிரிகளில் 94 சதவீதம் எங்கள் வாடிக்கையாளர்களைத் தொடவே இல்லை, தொட்டது மொத்தம் 0.0033 சதவீதம் பேரைத்தான். தோற்றவன் வினாத்தாளைக் குறை சொல்வது பழைய வழக்கம் என்றாலும், கேள்வி நியாயமானதே. ஊரில் உலவாத நோய்க்குத் தடுப்பூசி போட்டதற்கும், வீடு வீடாகப் பரவும் நோயை நிறுத்தியதற்கும் ஒரே மதிப்பெண்ணா? இருந்தாலும் மைக்ரோசாஃப்ட் வாதத்தோடு நிற்கவில்லை. பத்தாண்டு முடிவதற்குள் விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் அதே கூடத்தில் 18-க்கு 18 வாங்கத் தொடங்கியது. இலவசமாக வருவது உதவாது என்று இன்றைக்கும் சொல்கிற கடைக்காரர் 2012-இலேயே நின்றுவிட்டார்.

மதிப்பெண் பட்டியலில் நான் முதலில் பார்ப்பது யாரும் விளம்பரம் செய்யாத பத்தியை: பொய் எச்சரிக்கைகள். எல்லாவற்றையும் வைரஸ் என்று சொல்லும் மென்பொருள் எல்லா வைரஸையும் பிடித்துவிடும்தானே. ஒரு கணினியில் இரண்டு லட்சம் ஃபைல்கள் இருந்தால், பத்தாயிரத்தில் ஒரு தவறு என்பதே இருபது நல்ல ஃபைல்களைக் காவு வாங்கும். அதில் ஒன்று முக்கியமானதாக இருந்தால் என்ன ஆகும் என்று 2010 ஏப்ரல் 21 காட்டியது. அன்று மெக்கஃபி அனுப்பிய ஒரு அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத ஒரு ஃபைலை வைரஸ் என்று பிடித்து அடைத்தது. அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் கணினிகள் திரும்பத் திரும்ப அணைந்து எழுந்துகொண்டிருந்தன. அந்தச் சேதத்தைச் செய்தது எந்த வைரஸும் இல்லை.

பரிசோதனை பரிசோதிக்கப்படுபவர்களையும் வளைத்துவிடும். காஸ்பர்ஸ்கி நிறுவனம் ஒரு குறும்பு செய்து பார்த்தது. தீங்கே இல்லாத 20 ஃபைல்களை உருவாக்கி, அதில் பத்தை மட்டும் வைரஸ் என்று தன் பட்டியலில் பொய்யாகச் சேர்த்தது. எல்லா நிறுவனங்களும் எட்டிப்பார்க்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் அவற்றை ஏற்றியது. பத்து நாளில் அந்தப் பத்தையும் வேறு நிறுவனங்களும், 14 வரை, வைரஸ் என்று சொல்லத் தொடங்கிவிட்டன. அடுத்தவர் பிடித்ததை நாமும் பிடிக்காவிட்டால் பட்டியலில் இறங்கிவிடுவோமே என்கிற பயம். 2010-இல் இதை வெளியே சொன்னபோது சில நிறுவனங்கள் கடுப்பானதில் வியப்பில்லை.

இத்தனையும் சரியாக நடந்தாலும் குறையில்லாத ஆன்டிவைரஸ் கிடைக்காது. அமெரிக்காவின் ஃப்ரெட் கோஹன் 1980-களிலேயே அதை நிறுவிவிட்டார். வழி எளிது. எந்த வைரஸையும் தவறவிடாமல், நல்ல நிரலையும் தவறாகப் பிடிக்காமல் சொல்லிவிடும் நிரல் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். நான் ஒரு நிரல் எழுதி, அதற்குள்ளேயே அந்தக் காவல்காரனைக் கூப்பிட்டு, "நான் வைரஸா?" என்று கேட்க வைக்கிறேன். ஆமாம் என்றால் என் நிரல் ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கும். இல்லை என்றால் பரவும். காவல்காரன் எதைச் சொன்னாலும் பொய்யாகிவிடுகிறது.

அநேகமாக எல்லா ஆன்டிவைரஸும் நூற்றுக்கு நூறு வாங்கும் தேர்வு ஒன்று உண்டு. ஐரோப்பிய ஆய்வாளர்களின் ஐகார் அமைப்பு உருவாக்கிய 68 எழுத்து ஃபைல் அது. நோட்பேடில் தட்டிச் சேமித்ததும் உங்கள் ஆன்டிவைரஸ் துள்ளிக் குதித்தால், அது விழித்திருக்கிறது என்று அர்த்தம். அந்த 68 எழுத்தும் யாருக்கும் ஒரு தீங்கும் செய்யாது.