பூனை முடியில் ஒளிந்திருக்கும் படர்தாமரை

பூனை அசுத்தமான பிராணி அல்ல என்பது நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த விஷயம். ஆனால் மார்க்கம் சொல்லும் சுத்தம் வேறு, நோய்க்கிருமி இல்லாமை வேறு.

'மைக்ரோஸ்போரம் கேனிஸ்' என்ற பூஞ்சை பூனை, நாய்களின் முடியில் தங்குகிறது. முடியிலுள்ள கெரட்டின் என்ற புரதமே அதன் உணவு. பூனைக்குட்டிகளிடம் இது அதிகம். சில பூனைகளிடம் அறிகுறியே தெரியாது. ஆனாலும் உதிரும் முடியோடு பூஞ்சையின் வித்துகள் பாய், தலையணை, தொப்பி, சீப்பு என எங்கும் ஒட்டிக்கொள்ளும். ஒரு வருடம் கூட உயிரோடு இருக்கும்.

குழந்தையின் உடலில் வட்டமாகச் சிவந்து அரித்தால் படர்தாமரையாக இருக்கலாம். தலையில் வந்தால் முடி ஒடிந்து, திட்டுத் திட்டாகச் சொட்டை விழும். அதற்குக் களிம்பு மட்டும் போதாது. மருத்துவர் தரும் மாத்திரையை வாரக்கணக்கில் சாப்பிட வேண்டும். கடையில் நாமே கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பை அடக்கும், பூஞ்சையைப் பரவவிடும்.

அதற்காகப் பூனையைத் தெருவில் விட்டுவிடாதீர்கள். கால்நடை மருத்துவரிடம் காட்டி அதற்கும் சிகிச்சை செய்யுங்கள். குணமாகும் வரை படுக்கையில் ஏற விடாமல், விரிப்புகளைத் துவைத்து, உதிர்ந்த முடியை அன்றாடம் அகற்றுங்கள். வாயில்லா ஜீவனும் நம்மிடம் உள்ள அமானிதமே.