ஓ.சி. டீ இல்லை நண்பா, ஓ.சி.டி.!



"ஓ.சி.டி. பத்தி மலருக்கு ஒரு கட்டுரை எழுதப் போறேன்" என்று கேன்டீனில் சொன்னேன். பக்கத்தில் இருந்தவன், "எவன்டா வாங்கித் தர்றான் ஓ.சி. டீ?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். ஆனால் அந்த மூன்று எழுத்துக்குள் என் வாழ்க்கையில் ஒன்றரை வருஷம் போயிருக்கிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு ரோலிங் மில்லில் கான்ட்ராக்ட் வேலை. அம்மா காக்களூர் சிட்கோவில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங். ரெண்டு பேரும் விடியறதுக்குள் கிளம்பிவிடுவார்கள். வீட்டைப் பூட்டிக்கொண்டு கடைசியாகப் புறப்படுவது நான். அங்கேதான் ஆரம்பித்தது.

கேஸ் ரெகுலேட்டரை மூடுவேன். பூட்டைப் போட்டு இழுத்துப் பார்ப்பேன். தெருமுனை வந்ததும் மனசுக்குள், "மூடினியா?" என்று ஒரு கேள்வி. மூடினது ஞாபகம் இருக்கிறது. ஆனாலும் நம்ப முடியாது. திரும்பிப் போய்ப் பார்ப்பேன். செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷன் படியில் கால் வைக்கும்போது மறுபடியும் அதே கேள்வி. முதலில் ரெண்டு தரம், அப்புறம் அஞ்சு தரம், கடைசியில் பதினைந்து தரம். டிரெயின் போய்விடும். முதல் பீரியடு போய்விடும். வொர்க் ஷாப்பில் எல்லோரும் போன பிறகும் மெயின் சுவிட்ச் முன்னால் நின்றுகொண்டிருப்பேன். "நீ ஆஃப் பண்ணலை, நாளைக்கு ஒருத்தன் ஷாக் அடிச்சுச் சாகப் போறான், அதுக்கு நீதான் காரணம்" என்று மனசு சொல்லிக்கொண்டே இருக்கும்.

இதைவிட மோசமான ஒன்றும் இருந்தது. பிளாட்பாரத்தில் நிற்கும்போது, "பக்கத்துல நிக்கிறவரைத் தண்டவாளத்துல தள்ளிட்டா என்ன ஆகும்?" என்று ஒரு எண்ணம் வரும். எனக்கு அவர் யாரென்றே தெரியாது. அந்த எண்ணம் வந்ததும் உடம்பெல்லாம் வேர்க்கும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரமாகப் போய் நிற்பேன். நான் ஒரு கொலைகாரன் போலிருக்கிறது என்றே முடிவு பண்ணிவிட்டேன். இதை யாரிடம் சொல்வது?

ஓ.சி.டி. என்றால் என்ன?

தமிழில் இதை எண்ணச் சுழற்சி நோய் என்கிறார்கள். இதற்கு ரெண்டு பாகம் உண்டு. முதலாவது, நாம் கூப்பிடாமலே வந்து, போகச் சொன்னாலும் போகாத எண்ணம். கை அழுக்கு, கதவு திறந்திருக்கிறது, சாமியைப் பற்றித் தப்பான நினைப்பு, யாரையாவது காயப்படுத்திவிடுவோமோ என்கிற பயம் என்று அது பல வேஷத்தில் வரும். இரண்டாவது, அந்தப் பயத்தை அடக்க நாம் செய்கிற காரியம். கழுவுவது, சரிபார்ப்பது, எண்ணுவது, அடுக்குவது, மனசுக்குள்ளேயே மந்திரம் போல ஒன்றைச் சொல்லிக்கொள்வது, அடுத்தவரிடம் திரும்பத் திரும்பக் கேட்பது எல்லாம் இதில் அடங்கும்.

அப்படியானால் சுத்தமாக இருப்பவர்கள் எல்லோருக்கும் இந்த நோயா? இல்லை. என் ஆயா குளிக்காமல் அடுப்படிக்குள் வர மாட்டாள். அது அவள் வழக்கம். செய்து முடித்தால் திருப்தியாக இருப்பாள். நோயில் திருப்தி என்பதே கிடையாது. ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இதிலேயே போகிறது, அல்லது படிப்பும் வேலையும் தூக்கமும் கெடுகிறது என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். இதுதான் கணக்கு. நோட்டை அழகாக அடுக்கி வைப்பவனைப் பார்த்து, "இவனுக்கு ஓ.சி.டி.டா" என்று சொல்வது தமாஷாக இருக்கலாம். ஆனால் உண்மையிலேயே அவதிப்படுகிறவன் அதைக் கேட்டால் வாயைத் திறக்கவே மாட்டான்.

2015-16-ல் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் நம் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பு நடத்தியது. அதன்படி பெரியவர்களில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ எட்டுப் பேருக்கு இந்த நோய் இருந்தது. காலை நேரத்து எலக்ட்ரிக் டிரெயின் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். அந்த எட்டுப் பேர் நம்மோடு தொங்கிக்கொண்டுதான் வருகிறார்கள். இந்த நோய் பெரும்பாலும் நம்ம வயசில், அதாவது பள்ளிக்கூடம் முடிகிற சமயத்திலும் கல்லூரி நாட்களிலும்தான் தலைகாட்டுகிறது என்பதையும் கவனியுங்கள்.

மூளைக்குள் என்ன நடக்கிறது?

நமக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். ஒரு மிஷினில் டேபிள் கடைசி வரை போனதும் லிமிட் சுவிட்சைத் தட்டும். "போதும், நில்" என்று சிக்னல் போகும், மோட்டார் நிற்கும். லிமிட் சுவிட்ச் வேலை செய்யாவிட்டால்? டேபிள் வந்துவிட்டது, ஆனாலும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். மூளையிலும் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி, உள்ளே இருக்கும் ஸ்ட்ரையேட்டம், தலாமஸ் ஆகியவற்றுக்கு இடையே ஒரு சர்க்யூட் ஓடுகிறது. ஓ.சி.டி. உள்ளவர்களுக்கு இந்த சர்க்யூட் அளவுக்கு மீறி வேலை செய்வதை ஸ்கேனில் பார்த்திருக்கிறார்கள். "போதும்" என்கிற சிக்னல் சரியாகப் போய்ச் சேருவதில்லை. பரம்பரைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. வளர்ப்பு சரியில்லை, திமிர், சோம்பேறித்தனம் என்பதெல்லாம் காரணம் இல்லை. காத்து கருப்பும் இல்லை.

அந்த எண்ணத்துக்கு வருவோம். லண்டனில் ராக்மன் என்பவரும், இலங்கையில் பிறந்த பத்மால் டி சில்வா என்பவரும் 1978-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். எந்த நோயும் இல்லாத சாதாரண ஆட்களிடம், "உங்களுக்கு வேண்டாத, விபரீதமான எண்ணங்கள் வருமா?" என்று கேட்டார்கள். ஏறத்தாழ 80 சதவீதம் பேர், "வரும்" என்றார்கள். யாரையாவது தள்ளிவிடுவது மாதிரியான எண்ணம்கூட அதில் உண்டு. மற்றவர்கள், "சீ, என்ன நினைப்பு இது" என்று விட்டுவிடுகிறார்கள். ஓ.சி.டி. உள்ளவன் அதையே பிடித்துக்கொண்டு தன்னைத்தானே விசாரிக்கிறான். வித்தியாசம் அவ்வளவுதான். இதை டாக்டர் எனக்குச் சொன்ன அன்றைக்கு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். நான் கொலைகாரன் இல்லை!

இன்னொரு ஆராய்ச்சி 2003-ல் நெதர்லாந்தில் வந்தது. வான் டென் ஹவுட், கின்ட் என்ற இருவர் செய்தது. கம்ப்யூட்டர் திரையில் ஒரு கேஸ் அடுப்பைக் காட்டி, அதைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்க வைத்தார்கள். சரிபார்த்தவர்களின் ஞாபகம் தப்பவில்லை. ஆனால் அந்த ஞாபகத்தின் மேல் இருந்த நம்பிக்கை குறைந்துபோனது. அதாவது பார்க்கப் பார்க்கச் சந்தேகம் வளர்கிறது. தெருமுனையிலிருந்து நான் ஓடி ஓடிப் போய்ப் பார்த்தது நெருப்பில் எண்ணெய் ஊற்றிய கதைதான்.

சிகிச்சை

முதலில் அம்மா கோவிலில் மந்திரித்துக் கயிறு கட்டினாள். அப்பா, "படிச்சுப் படிச்சு மூளை சூடாயிடுச்சு, பேசாம என்கூட மில்லுக்கு வந்துடு" என்றார். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பிறகு நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஒரு மனநல டாக்டர் பேசினார். அவர் சொன்ன ஒவ்வொன்றும் என்னைப் பற்றியே சொன்ன மாதிரி இருந்தது. முகாம் முடிந்ததும் அவரிடம் தனியாகப் போய்ப் பேசினேன். அடுத்த வாரமே அப்பா ஒரு ஷிப்ட் கூலியை விட்டுவிட்டு என்னைச் சென்னையில் ஒரு அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். வழி முழுக்க ரெண்டு பேரும் பேசவே இல்லை.

அங்கே மாத்திரையும் கொடுத்தார்கள், பயிற்சியும் கொடுத்தார்கள். மாத்திரை மூளையில் செரட்டோனின் என்ற ரசாயனத்தின் மேல் வேலை செய்கிறது. அது தூக்க மாத்திரை இல்லை, போதையும் இல்லை. முழுப் பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகலாம். நாமாகப் பாதியில் நிறுத்தக் கூடாது.

பயிற்சிதான் கஷ்டம். பயப்படுகிற விஷயத்தைத் தைரியமாக எதிர்கொள்ள வேண்டும், ஆனால் பழைய சடங்கைச் செய்யக் கூடாது. 1966-ல் லண்டனில் விக்டர் மேயர் என்பவர் ரெண்டு நோயாளிகளை வைத்து இந்த முறையைக் காட்டினார். இன்றைக்கும் ஓ.சி.டி.க்கு முதல் வரிசைப் பேச்சு சிகிச்சை இதுதான். முறையாகச் செய்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நல்ல முன்னேற்றம் கிடைக்கிறது.

எனக்கு ஒரு பட்டியல் போட்டார்கள். ஒவ்வொரு பயத்துக்கும் நூற்றுக்கு எத்தனை மார்க் என்று நானே போட வேண்டும். பீரோவைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்க்காமல் வருவது 30. கேஸை ஒரே தரம் மூடிப் பார்த்துவிட்டுக் கிளம்புவது 70. பிளாட்பாரத்தில் கையைக் கட்டாமல் மற்றவர்கள் மாதிரி கூட்டத்தோடு நிற்பது 95. கீழே இருந்து ஒவ்வொரு படியாக ஏறினேன். கேஸைப் பார்க்காமல் டிரெயின் ஏறிய முதல் நாள், திருநின்றவூர் வருவதற்குள் உயிரே போய்விடும் போல இருந்தது. இறங்கி ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆவடி வந்தபோது நெஞ்சுத் துடிப்பு கொஞ்சம் அடங்கியிருந்தது. நான் ஒன்றுமே செய்யவில்லை, அது தானாக இறங்கியது! பயம் ஏறும், நிற்கும், இறங்கும். சடங்கு செய்தால் இந்த உண்மை நமக்குத் தெரியாமலே போய்விடும்.

வீட்டுக்காரர்களுக்கும் பாடம் உண்டு. "கேஸ் மூடியிருக்காம்மா?" என்று நான் போனில் கேட்டால், "மூடியிருக்கு கண்ணு" என்று சொல்வது அம்மாவின் வழக்கம். அந்தப் பதிலும் நோய்க்குத் தீனிதான் என்று டாக்டர் விளக்கினார். அதற்குப் பிறகு, "நீ கேட்டாலும் நான் சொல்ல மாட்டேன்டா கண்ணு" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிடுவாள். எனக்குச் சொல்லாமல் இருக்க அவள் எவ்வளவு கஷ்டப்பட்டாள் என்பது எனக்குத்தான் தெரியும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பாதுகாப்பை விட்டுவிடச் சொல்வது சிகிச்சை இல்லை. லேத்தில் சக் கீயை எடுத்தோமா என்று பார்த்தே ஆக வேண்டும். ஒரு தரம் பார்ப்பது பாதுகாப்பு. பதினைந்து தரம் பார்ப்பது நோய்.

எங்கே போகலாம்?

தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. நம் திருவள்ளூரிலேயே 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. சென்னை கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் 1794-ல் தொடங்கிய பழமையான நிறுவனம். அந்தப் பேரைச் சொல்லி ஊரில் ஒருத்தரை ஒருத்தர் கிண்டல் செய்கிறோமே, அது வெறும் ஆஸ்பத்திரிதான், அங்கே புறநோயாளியாகப் போய் வீடு திரும்புகிறவர்கள் ஏராளம். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற எண்ணுக்கு போன் செய்யுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

எனக்கு முழுசாகக் குணமாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். போன மாதம் பரீட்சை நேரத்தில் ஒரு நாள் தெருமுனையிலிருந்து திரும்பிப் போய்க் கேஸைப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது. மறுநாள் திரும்பிப் போகவில்லை. இப்போது முதல் பீரியடுக்கு வந்துவிடுகிறேன். அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரே சாட்சி!

நண்பர்களே, உங்கள் கிளாசில் ஒருவன் அடிக்கடி லேட்டாக வரலாம். ரெக்கார்டு நோட்டை எழுதி எழுதிக் கிழிக்கலாம். கை தோல் உரியும்வரை கழுவலாம். அவனைக் கிண்டல் செய்வதற்கு முன்னால், "என்னடா ஆச்சு?" என்று ஒரு தரம் தனியாகக் கேளுங்கள். அவன் ஒருவேளை அதற்காகத்தான் காத்திருக்கலாம். அப்படியே அவனுக்கு ஒரு டீயும் வாங்கிக் கொடுங்கள், ஓ.சி.யில்!

– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை