செப்டம்பர் 30: உங்க ஆடிட்டருக்கும் ஒரு டெட்லைன் இருக்கு, தெரியுமா?

செப்டம்பர் கடைசி வாரம் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் எந்த ஆடிட்டர் ஆபீஸைத் தாண்டிப் போனாலும் ராத்திரி பத்து மணிக்கும் லைட் எரிஞ்சுக்கிட்டிருக்கும். பம்ப்செட் கம்பெனியின் ஸ்டாக் கணக்கு ஒரு பக்கம், நிட்டிங் யூனிட்டின் ஜாப் ஒர்க் பில் இன்னொரு பக்கம். நடுவில் போன் வந்துகொண்டே இருக்கும்: "ஏனுங்க, நம்ம ஃபைல் அப்லோட் ஆயிருச்சுங்களா?"

காரணம் எல்லோருக்கும் தெரியும். வருமான வரித் தணிக்கை அறிக்கையைத் தாக்கல் செய்ய பெரும்பாலான தொழில்களுக்கு வழக்கமான கடைசித் தேதி செப்டம்பர் 30. அதே நாளில் முடியும் இன்னொரு கெடு ஆடிட்டரின் சொந்தக் கெடு. அவர் தன் உறுப்பினர் கட்டணத்தைக் கட்ட வேண்டிய கடைசி நாளும் செப்டம்பர் 30தான். அதைத் தவறவிட்டால் அக்டோபர் 1-ம் தேதி முதல் அவர் பெயர் பதிவேட்டில் இருக்காது. பெயர் இல்லையென்றால் அவர் போடும் கையெழுத்துக்குத் தணிக்கை மதிப்பும் இல்லை.

சில ஆயிரம் ரூபாய் சந்தாதானே என்று தோன்றலாம். அதில் தொங்கிக்கொண்டிருப்பது கிளையன்ட்டின் அறிக்கையும்தான்.

ஆடிட்டர்னா யாரு?

கொங்கு பக்கம் 'ஆடிட்டர்' என்பது ரொம்பத் தாராளமான வார்த்தை. ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுபவர், கணக்கு எழுதித் தருபவர், வரி வக்கீல் எல்லோருமே ஆடிட்டர்தான். ரிட்டர்ன் தாக்கல் செய்ய பதிவு பெற்ற ஜிஎஸ்டி பிராக்டீஷனரே போதும், அதில் தவறில்லை. ஆனால் வரித் தணிக்கை அறிக்கையில் கையெழுத்துப் போடுவது வேறு வேலை.

1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 288-வது பிரிவு, இங்கே 'அக்கவுண்டன்ட்' என்றால் யார் என்பதைத் தெளிவாகவே சொன்னது. அவர் சார்ட்டர்டு அக்கவுண்டன்ட்டாக இருக்க வேண்டும். செல்லுபடியாகும் தொழில் சான்றிதழும் வைத்திருக்க வேண்டும். இந்தச் சான்றிதழைத்தான் சிஓபி என்கிறார்கள்.

சி.ஏ. ஃபைனல் பாஸ் செய்துவிட்டாலே ஒருவர் சார்ட்டர்டு அக்கவுண்டன்ட் ஆகிவிடுவதில்லை. ரிசல்ட் வந்ததும் ஸ்டேட்டஸில் போடலாம், வீட்டில் ஸ்வீட் கொடுக்கலாம். ஆனால் ஐசிஏஐ எனப்படும் இந்திய சார்ட்டர்டு அக்கவுண்டன்ட்ஸ் நிறுவனத்தில் விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, பதிவேட்டில் பெயர் ஏறிய பிறகுதான் அந்தப் பட்டத்தைப் பயன்படுத்தலாம். 1949-ம் ஆண்டு சார்ட்டர்டு அக்கவுண்டன்ட்ஸ் சட்டப்படி, அதே ஆண்டு ஜூலை 1-ல் தொடங்கப்பட்ட அமைப்பு இது. ஜூலை 1-ஐ சி.ஏ. தினமாகக் கொண்டாடுவதும் அதனால்தான்.

கோவை, ஈரோடு, திருப்பூர், சேலம் என நம்ம பக்கத்து ஊர்களில் இதற்குக் கிளைகள் உண்டு. இவை சென்னையில் இருக்கும் தென்மண்டலக் கவுன்சிலின் கீழ் வருகின்றன. ஆனால் பெயரைச் சேர்ப்பதும் நீக்குவதும் கிளையின் கையில் இல்லை. கிளையில் செமினாருக்குத் தவறாமல் போகிறவர், எல்லோருக்கும் தெரிந்தவர் என்பதெல்லாம் பதிவேட்டுக்குக் கணக்கில்லை.

ஏசிஏ, எஃப்சிஏ: அந்த ஒரு எழுத்தில் என்ன இருக்கு?

உறுப்பினர்களில் இரண்டே வகைதான். புதிதாகச் சேர்பவர் அசோசியேட், பெயருக்குப் பின்னால் ஏசிஏ. அடுத்தது ஃபெல்லோ, அதாவது எஃப்சிஏ. எஃப்சிஏ என்றால் ஏதோ பெரிய பரீட்சை எழுதியவர் என்று பலர் நினைக்கிறார்கள். பரீட்சையெல்லாம் கிடையாது. அசோசியேட்டாக இந்தியாவில் தொடர்ச்சியாக 5 ஆண்டுகள் பிராக்டீஸ் செய்திருந்தால் விண்ணப்பிக்கலாம். பிராக்டீஸ் செய்யாமல் வேலையில் இருப்பவரும், 5 ஆண்டுகள் தொடர்ந்து அசோசியேட்டாக இருந்து, நிறுவனம் வகுத்த அனுபவத் தகுதியைக் காட்டினால் விண்ணப்பிக்கலாம்.

கையெழுத்தின் மதிப்பில் வித்தியாசம் இல்லை. நேற்று சிஓபி வாங்கிய ஏசிஏ போடும் வரித் தணிக்கைக் கையெழுத்தும், முப்பது வருஷ எஃப்சிஏ போடுவதும் சட்டத்தின் முன் ஒன்றே. வித்தியாசம் வேறு இடங்களில் வரும். ஐசிஏஐ மத்திய கவுன்சில் தேர்தலில் ஃபெல்லோ மட்டுமே போட்டியிட முடியும். வங்கிகளின் சட்டப்பூர்வத் தணிக்கையாளர் நியமனத்துக்காக ரிசர்வ் வங்கி 2021 ஏப்ரலில் கொண்டுவந்த விதிமுறைகளும், தணிக்கை நிறுவனத்தில் குறைந்தபட்சம் எத்தனை எஃப்சிஏ பார்ட்னர்கள் வேண்டும் என்று கேட்கின்றன. பேங்க் ஆடிட் மீது கண் வைத்திருப்பவருக்கு அந்த ஒரு எழுத்து காசு. தனியார் கம்பெனியில் ஃபைனான்ஸ் மேனேஜராக இருப்பவருக்குப் பெரும்பாலும் அது விசிட்டிங் கார்டு அழகுதான்.

எவ்வளவு கட்டணும்?

அண்மை ஆண்டுகளின் கட்டண அட்டவணைப்படி, அசோசியேட்டுக்கு ஆண்டுக் கட்டணம் 1,500 ரூபாய், ஃபெல்லோவுக்கு 3,000 ரூபாய். சிஓபி வைத்திருந்தால் அதற்குத் தனியாக, அசோசியேட்டுக்கு 3,000, ஃபெல்லோவுக்கு 4,000. எல்லாவற்றுக்கும் மேலே 18 சதவீத ஜிஎஸ்டி. கூட்டிப் பார்த்தால் வேலையில் இருக்கும் ஏசிஏவுக்கு 1,770 ரூபாய், பிராக்டீஸ் செய்யும் ஏசிஏவுக்கு 5,310 ரூபாய். வேலையில் இருக்கும் எஃப்சிஏவுக்கு 3,540, பிராக்டீஸ் செய்யும் எஃப்சிஏவுக்கு 8,260. 60 வயதைத் தாண்டியவர்களுக்குச் சலுகை உண்டு. அட்டவணை மாறக்கூடியது என்பதால், கட்டும் முன் அந்த ஆண்டின் அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஆன்லைனில் கட்டும்போது நலநிதிக்கான தொகையும் சேர்ந்து காட்டும். நோய், மரணம் போன்ற நெருக்கடிகளில் உறுப்பினர் குடும்பங்களுக்கு உதவும் நிதி அது. நல்ல விஷயம்தான், ஆனால் விருப்பத்தின் பேரில் கட்டுவது. அதைக் கட்டாததால் பெயர் நீங்காது.

கட்டணம் ஏப்ரல் 1-ம் தேதியே கட்ட வேண்டியதாகிவிடும். செப்டம்பர் 30 வரை ஆறு மாதம் அவகாசம். அந்த ஆறு மாதம்தான் சிக்கலே. ஏப்ரலில் 'அப்புறம் பாத்துக்கலாம்', ஜூலையில் ரிட்டர்ன் வேலை, செப்டம்பரில் ஆடிட் நெருக்கடி. ஊர்க்காரர் எல்லோருடைய கெடுவையும் ஞாபகம் வைத்திருப்பவருக்குத் தன்னுடையது மட்டும் மறந்துபோகும் மாதமாகப் பார்த்துத்தான் இந்தத் தேதி வந்து உட்கார்ந்திருக்கிறது.

இன்னொரு பொறியும் உண்டு. தணிக்கை அறிக்கைக்கான தேதியை அரசு அவ்வப்போது தள்ளிவைக்கும். 2025-ல் அது செப்டம்பர் 30-லிருந்து அக்டோபர் 31-க்கும், பிறகு நவம்பர் 10-க்கும் போனது. அப்படித் தள்ளிப்போனால் உறுப்பினர் கட்டணத் தேதி தானாகத் தள்ளிப்போகாது. அது வேறு அமைப்பின் வேறு கணக்கு. 'எல்லாம் எக்ஸ்டென்ட் ஆயிருச்சு' என்று ரிலாக்ஸ் ஆகிறவர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

சம்பளத்துல இருக்கேன், சிஓபி வேணுமா?

சரவணம்பட்டியில் ஒரு ஐ.டி. கம்பெனியின் ஃபைனான்ஸ் டீமில் வேலை பார்க்கும் 27 வயது ஏசிஏ ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாதச் சம்பளம் வருகிறது. சனி, ஞாயிறில் சொந்தக்காரர்களின் ஆடிட்டையும் பார்த்துக் கொடுத்தால் என்ன என்று யோசிக்கிறார். அதற்கு பார்ட் டைம் சிஓபி இருக்கிறதே?

இருக்கிறது. ஆனால் அதை வைத்துக்கொண்டு தணிக்கையில் கையெழுத்துப் போட முடியாது. வேலையில் இருந்துகொண்டு பார்ட் டைம் சிஓபி வைத்திருப்பவர்கள் தணிக்கை, சான்றளிப்பு போன்ற பணிகளைச் செய்யக்கூடாது என்ற கட்டுப்பாடு 2005 ஏப்ரல் முதல் உள்ளது. ஆலோசனை, ரிட்டர்ன் வேலை போன்றவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆக, 'சைடுல ஆடிட்' என்ற திட்டத்துக்காக மட்டும் சிஓபி கட்டணம் கட்டுவது வீண் செலவு. அத்துடன் சிஓபி வைத்திருப்பவர்களுக்குத் தொடர் கல்வி நேரக் கட்டாயமும் கூடுதல். 60 வயதுக்குக் கீழ் இருந்தால் மூன்று ஆண்டுகளில் 120 மணி நேரம்.

சிஓபியை விட்டுக்கொடுக்கலாம். உறுப்பினர் பதிவை விடுவதுதான் யோசிக்க வேண்டிய விஷயம். கல்யாணம், குழந்தை, வெளிநாட்டு மாற்றல் என்று இடைவெளி விடுபவர்கள், குறிப்பாகப் பெண்கள், 'இப்ப வேலைக்கே போகலையே, எதுக்குக் கட்டணும்' என்று இரண்டையும் சேர்த்து விட்டுவிடுகிறார்கள். சிஓபியை ஒப்படைத்துவிட்டு 1,770 ரூபாயை மட்டும் கட்டிக்கொண்டு வந்தால் உறுப்பினர் தொடர்ச்சி அறுபடாது. ஃபெல்லோ ஆவதற்கான விதியில் 'தொடர்ந்து' என்ற சொல் இருப்பதை இங்கே ஞாபகப்படுத்திக்கொள்ளலாம்.

பெயர் போனா என்ன ஆகும்?

கட்டணம் கட்டாதவரின் பெயரை நீக்க சட்டத்தின் 20-வது பிரிவு அதிகாரம் தருகிறது. இதற்கு விசாரணையோ, ஒழுங்கு நடவடிக்கையோ தேவையில்லை. நீங்கிய பிறகு பெயருக்கு முன் சிஏ என்று போடுவதே சட்டப்படி தவறு.

நடைமுறையில் முதலில் நிற்பது யுடின். சி.ஏ. கையெழுத்திடும் ஆவணங்களுக்கு ஐசிஏஐ போர்ட்டலில் எடுக்க வேண்டிய 18 இலக்க அடையாள எண் இது. சான்றிதழ்களுக்கு 2019 பிப்ரவரி 1 முதலும், வரித் தணிக்கை அறிக்கைகளுக்கு அதே ஆண்டு ஏப்ரல் 1 முதலும், மற்ற தணிக்கைகளுக்கு ஜூலை 1 முதலும் கட்டாயமானது. முழுநேர சிஓபி இல்லாமல் இதை உருவாக்க முடியாது. யுடின் இல்லாத அறிக்கை வருமான வரி போர்ட்டலில் செல்லாது.

அடி விழுவது கிளையன்ட்டுக்கு. தணிக்கை செய்யாவிட்டால் விற்பனைத் தொகையில் 0.5 சதவீதம் அல்லது 1.5 லட்சம் ரூபாய், இதில் எது குறைவோ அது அபராதம் என்றது 1961-ம் ஆண்டு சட்டம். 4 கோடி ரூபாய் டர்ன்ஓவர் உள்ள ஒரு யூனிட்டுக்கு அரை சதவீதம் என்றாலே 2 லட்சம். எனவே உச்சவரம்பான 1.5 லட்சம். அதற்குக் காரணம் ஆடிட்டர் கட்டாமல் விட்ட சில ஆயிரம் என்றால் எந்த முதலாளிக்கும் கோபம் வரத்தான் செய்யும்.

செக் பண்றது எப்படி?

யுடின் எண்ணே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். முதல் இரண்டு இலக்கம் ஆண்டு. அடுத்த ஆறு இலக்கம் அந்த சி.ஏ.வின் உறுப்பினர் எண். கடைசிப் பத்தும் எழுத்தும் எண்ணும் கலந்து கணினி தருவது. முத்திரையில் இருக்கும் உறுப்பினர் எண்ணும் யுடினின் நடுவில் இருக்கும் ஆறு இலக்கமும் பொருந்தவில்லை என்றால் அங்கேயே கேள்வி கேட்கலாம். பிறகு யுடின் போர்ட்டலில் மொபைல் எண், இமெயில் கொடுத்து யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். காசு இல்லை.

வங்கிக்கு ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடுக்கும் தொழில்முனைவோர் மட்டுமல்ல, மாஸ்டர்ஸ் படிக்க வெளிநாடு கிளம்பும் பிள்ளைக்காக நெட்வொர்த் சான்றிதழ் வாங்கும் அப்பா அம்மாவும் இதைப் பார்க்க வேண்டும். விசா இன்டர்வியூவுக்கு முதல் நாள் இல்லை, சான்றிதழ் கைக்கு வந்த அன்றைக்கே.

மறந்தே போச்சு, இப்ப என்ன பண்றது?

திரும்பப் பரீட்சை எழுத வேண்டியதில்லை. பாக்கிக் கட்டணத்தோடு மீட்புக் கட்டணமும் கட்டி விண்ணப்பித்தால் பெயர் மறுபடி ஏறும். ஆனால் எப்போது விண்ணப்பிக்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பெயர் நீங்கிய அதே நிதியாண்டுக்குள், அதாவது மார்ச் 31-க்குள் முடித்துவிட்டால், நீங்கிய நாளிலிருந்தே பெயர் இருந்ததாகக் கணக்கு. இடைவெளியே விழாது. சிஓபிக்கும் இதே போன்ற ஏற்பாடு உண்டு, ஆனால் அதற்குத் தனி விண்ணப்பம் வேண்டும். உறுப்பினர் பதிவு திரும்பியதும் சிஓபியும் தானாக வந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது.

மார்ச் 31 தாண்டிவிட்டால், விண்ணப்பித்த நாளிலிருந்துதான் மீண்டும் உறுப்பினர். நடுவில் போன மாதங்கள் திரும்பி வராது. எஃப்சிஏவுக்காக நாலு வருஷம் ஓட்டியவர் அந்த 5 வருஷக் கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.