வலது பக்க ஜன்னல்

நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குக் காலை ஏழு மணி விமானத்தைப் பிடிப்பவருக்கு ஒரு லாபம் உண்டு. பயணம் ஆறு மணி நேரத்துக்கு மேல். ஆனால் மேற்குக் கரைக் கடிகாரம் மூன்று மணி நேரம் பிந்தியது. இறங்கும்போது அங்கே பத்தரை மணிதான் இருக்கும். வழியெல்லாம் காலை வெயில். வெயில் சாய்ந்து விழுந்தால்தான் மேடும் பள்ளமும் நிழலோடு எடுப்பாகத் தெரியும்.

எந்த ஜன்னல் என்பதை டிக்கெட் போடும்போதே முடிவு செய்துவிட வேண்டும். மேற்கே போகிற விமானத்துக்கு வலது பக்கம் வடக்கு. அங்கே வெயில் பெரும்பாலும் கண்ணாடியில் நேராக அடிக்காது. இறக்கைக்கு முந்தைய வரிசை உத்தமம். சற்றுப் பின்னால் உட்கார்ந்தால், இன்ஜின் கக்கும் சூட்டில் நிலமே நெளியும். எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

ஜன்னலும் சும்மா விடாது. அதில் பொதுவாக மூன்று அடுக்குகள். நடு அடுக்கில் ஒரு சின்னத் துளை இருக்கும்; உள்ளிருக்கும் காற்றழுத்தத்தைச் சமன்செய்து, பனி படியாமல் காப்பது அதன் வேலை. அடுக்குகள் பெரும்பாலும் அக்ரிலிக். அதனால்தான், தரையில் வானத்தை அழகாகக் காட்டும் போலரைசர் ஃபில்டரை இங்கே மாட்டினால் படமெங்கும் வானவில் கோடுகள் விழுகின்றன. கழற்றி வைப்பதே நல்லது. கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டால் கண்ணாடியில் சொந்த உருவம் விழாது. கேமராவைக் கண்ணாடிக்கு மிக அருகில் பிடிக்கலாம்; அழுத்தினால் விமானத்தின் அதிர்வு படத்தில் ஏறிவிடும்.

இவ்வளவும் செய்துவிட்டு, பலர் இறக்கையையும் மேகத்தையும் எடுத்துக்கொண்டு, நடுவழியில் திரையை இறக்கிவிட்டுத் தூங்கிவிடுகிறார்கள். பார்க்க வேண்டிய கதை அப்போதுதான் தொடங்குகிறது.

ஒஹையோவைத் தாண்டியதும் நிலம் கட்டம் கட்டமாகிறது. 1785-ஆம் ஆண்டின் நிலச் சட்டம், மேற்குப் பகுதிகளை ஒரு மைலுக்கு ஒரு மைல் சதுரங்களாக அளந்து விற்க வழிவகுத்தது. சாலைகளும் வேலிகளும் அந்தக் கோடுகளின் மேலேயே எழுந்தன. விமானம் ஒரு சதுரத்தைக் கடக்க ஏழெட்டு விநாடி ஆகும். வடக்கு தெற்காக ஓடும் சாலை சில இடங்களில் திடீரென்று பக்கவாட்டில் ஒடிந்து மீண்டும் நேராகும். அளந்தவர் கை நடுங்கியதால் அல்ல; உருண்டைப் பூமியின்மேல் சதுரம் வரைந்தால், வடக்கே போகப்போகக் கோடுகள் நெருங்கும். அந்தக் கணக்கை நேர்செய்த இடங்கள் அவை. வடக்கு ஜன்னலிலிருந்து எடுக்க இதைவிட நல்ல படம் இல்லை என்றே சொல்லலாம்.

நெப்ராஸ்காவில் சதுரங்களுக்குள் பச்சை வட்டங்கள் முளைக்கின்றன. பிராங்க் ஸைபாக் என்ற கொலராடோ விவசாயி 1952-இல் காப்புரிமை பெற்ற சுழல் பாசனக் கருவியின் கைவண்ணம் அது. நட்டநடுவே கிணறு, அதைச் சுற்றிவரும் நீண்ட குழாய். 160 ஏக்கர் சதுரத்தில் நான்கு மூலைகளுக்கும் தண்ணீர் எட்டாது. பல இடங்களில் அந்தத் தண்ணீர் ஒகலாலா நிலத்தடி நீர்த்தேக்கத்திலிருந்து வருகிறது. அது வற்றிவரும் பகுதிகளில் சில வட்டங்கள் பழுப்பாகிவிட்டன.

ராக்கி மலையின் பனியை யார் எடுத்தாலும் நன்றாகத்தான் வரும். அதற்குப் பிறகு, பாதை வாய்த்தால், யூட்டாவின் பெரிய உப்பு ஏரி தெரியும். குறுக்கே 1959-இல் முடிந்த ரயில் பாதைக் கரை. அதற்குத் தெற்கே நீலமும் பச்சையும். வடக்கே, புது நீர் அதிகம் வராததால் உப்பு மிஞ்சி, அதில் மட்டுமே வாழும் நுண்ணுயிர்களால் தண்ணீர் ரோஜா நிறம். கொஞ்சம் கூட்டிக் காட்டிய நிறம் என்று பார்ப்பவர் சந்தேகப்படுவார். படம் எடுத்தவர் ஒன்றும் செய்திருக்க மாட்டார்.

இறங்கும்போதும் கேமராவை மூட வேண்டாம். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் தென்கோடி உப்பளங்களிலும் அதே வகை உயிர்கள்தான் சிவப்பும் ஆரஞ்சும் பூசுகின்றன. 2003-இல் அரசு வாங்கிய உப்பளங்கள் படிப்படியாகச் சதுப்பு நிலமாக மீட்கப்பட்டு வருவதால், இருபது ஆண்டுகளுக்கு முந்தைய படத்தோடு இன்றைய படம் பல இடங்களில் ஒத்துப்போவதில்லை.