நிறம் கூறும் கதிரளவு

பொருள்களில் நேரும் மாறுதல்களுள் ஓரிடத்திற் குற்றமெனத் தள்ளப்படுவது, பிறிதோரிடத்திற் குணமெனக் கொள்ளப்படுதலும் உண்டு. கதிர்வீச்சினால் பாலிமர் படலங்கள் நிறம் மாறுதல் இதற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும்.

முதற்கண், ஒரு படலம் தெளிவாகத் தோன்றுவது ஏன் என ஆராய்வோம். பாலிமர் என்பது சிறு மூலக்கூறுகள் பல, சங்கிலியின் வளையங்களைப்போல் பிணைந்து நீண்ட பொருளாகும். தெளிந்த படலங்களில், அப்பிணைப்புக்களிலுள்ள எலெக்ட்ரான்கள் தத்தம் நிலையில் உறுதியாய் அமைந்துள்ளன. அவற்றை எழுப்பக் கட்புலனாகும் ஒளியின் சக்தி போதாது. ஆகவே ஒளி தடையின்றி ஊடுருவிச் செல்கிறது. படலமும் பளிங்குபோல் விளங்குகிறது.

கோபால்ட்-60 என்னும் பொருளினின்று வரும் காமாக் கதிர்களின் இயல்போ வேறு. கட்புலனாகும் ஒளித்துகள் ஒன்றின் சக்தி ஏறக்குறைய 2 முதல் 3 எலெக்ட்ரான்-வோல்ட். இக்கதிர்த்துகளின் சக்தியோ பத்து லட்சத்தைக் கடந்தது. இது மோதி வெளியேற்றும் எலெக்ட்ரான்கள் செல்லும் வழியிற் பிணைப்புக்கள் அறுபடுகின்றன. அறுந்த சங்கிலிகளுட் சில குறுந்துண்டுகளாய் நின்றுவிடும். சில அயற்சங்கிலியோடு பிணையும். வேறு சிலவற்றில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறிமாறி வரும் தொடர் தோன்றும். இத்தொடர் நீளுந்தோறும், குறைந்த சக்தியுள்ள ஒளியும் அதன் எலெக்ட்ரான்களை எழுப்ப வல்லதாகிறது. முதலில் ஊதாவும் நீலமும் உறிஞ்சப்பட, எஞ்சிய ஒளி நம் கண்ணுக்கு மஞ்சளாய்ப் புலனாகும். பாலிவினைல் குளோரைடு, ஹைட்ரஜன் குளோரைடை இழந்து மஞ்சளாகிப் பின்னர்ப் பழுப்பாதல் இவ்வாறேயாம்.

மருத்துவக் கருவிகளைக் கதிர்வீச்சினால் நுண்ணுயிரற்றனவாக்குவோர்க்கு இந்நிறமாற்றம் ஓர் இடையூறு. எனினும் அவர்க்கே அது துணையுமாகிறது. சாயமேற்றிய சிவப்புப் பெர்ஸ்பெக்ஸ் துண்டுகளைச் சரக்கோடு வைத்து, அவை எவ்வளவு கருத்தன என்பதை 640 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியால் அளந்து, சரக்கு ஏற்ற கதிரளவை அறிகின்றனர்.

புற்றுநோய் மருத்துவத்தில் இம்முறை இன்னும் நுட்பமாகப் பயன்படுகிறது. டயாசெட்டிலீன் படிகங்கள் திடநிலையிலேயே பாலிமராதலை 1969-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் கெர்ஹார்ட் வெக்னர் விளக்கினார். அவ்வகை நுண்படிகங்களைத் தெளிந்த பாலியெஸ்டர் தகட்டில் மெல்லிய அடுக்காகப் பூசுவர். கதிர் பட்டதும் அவை இணைந்து, சிவப்பொளியை உறிஞ்சி நீலமாய்த் தோன்றும். இதற்கு இருட்டறையும் வேண்டா. கழுவும் திராவகமும் வேண்டா.

நிறத்தை அளவாக்குவது எங்ஙனம்? படலத்தின்மேல் விழும் ஒளியிற் பத்திலொரு பங்கே வெளிவருமாயின் அதன் ஒளியடர்வு 1. நூற்றிலொரு பங்கே வருமாயின் 2. கதிரளவு இருமடங்காயின் அடர்வும் இருமடங்காகும் என்று கொள்ளலாகாது. ஆதலின் அறிந்த அளவுகளைச் சில துண்டுகளுக்குக் கொடுத்து, ஒப்புநோக்கும் வரைகோட்டை முன்னரே அமைத்துக்கொள்ளுதல் வேண்டும். கதிர் நின்ற பின்னரும் படிகங்கள் சிறிது நேரம் இணைந்துகொண்டேயிருக்கும். ஆகவே எல்லாத் துண்டுகளையும் ஒரே கால இடைவெளிக்குப் பின், பெரும்பாலும் ஒரு நாள் கழித்து, அளத்தல் நன்று.

இத்துணைக் கவனம் எதற்கெனின், பல சிகிச்சைகளில் நோயாளிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 கிரே அளவே கதிர் கொடுக்கப்படுகிறது. அது குறையின் நோய் எஞ்சும். மிகின் அயலிலுள்ள நற்றசை கெடும். கதிர் குறித்த எல்லைக்குள் நின்றதா, கடந்ததா என்பதை, நோயாளிக்கு முன்னரே உடலையொத்த மாதிரி ஒன்றினுள் வைக்கப்பட்ட படலம் காட்டிவிடுகிறது. கெடுதலுக்கு அடையாளமான நிறமாற்றத்தையே கெடுதலைத் தடுக்கும் காவலாக அமைத்துக்கொண்டமை, காரணத்தை ஆராய்ந்தறிந்ததன் பயன் அன்றோ!