புதுமனையில் செய்தித் தொடர்பு வடங்கள்

வீடு கட்டுதல் நம்மில் பலருக்கு வாழ்நாளில் ஒருமுறையே கிட்டும் பேறாகும். சேலம், நாமக்கல் சமவெளியில் புதுமனை எழுப்புவோர் ஆழ்துளைக் கிணற்றுக்கு இடம் தேர்வதிலும், சமையலறை மேடையின் உயரத்தைக் குறிப்பதிலும், கழிவறை கிப்லாவை நோக்கா வண்ணம் அமைப்பதிலும் மிகுந்த கருத்தூன்றுகின்றனர். விளக்கும் மின்விசிறியும் எங்கெங்கு வேண்டும் என்பதையும் முன்னரே எண்ணி வைக்கின்றனர். ஆயின், தொலைக்காட்சி, தொலைபேசி, இணையம் ஆகியவற்றுக்கு உரிய வடங்களைப் பற்றி மட்டும் குடிபுகுந்த பின்னரே சிந்திக்கின்றனர். அதன் விளைவு யாது? வண்ணம் பூசிய சுவர் உடைபடுகின்றது. சன்னல் சட்டம் துளையிடப்படுகின்றது. மாடிப்படி ஓரமாய் வடங்கள் கொடிபோல் தொங்குகின்றன. இக்குறை நேரா வண்ணம் காக்கும் வழிகளை ஈண்டுக் காண்போம்.

கருவிக்கொரு வடம்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. அக்காலத்தில் மொட்டைமாடி ஆன்டெனாவிலிருந்து கூடத்துக்கு ஒரு வடம் இறங்கினால் போதுமானதாக இருந்தது. 1990களில் கேபிள் தொலைக்காட்சி பரவியபோது தெருவிலிருந்து மற்றொரு வடம் வந்தது. 1995 ஆகஸ்டு 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் நம் நாட்டில் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது. அதற்குத் தொலைபேசிக் கம்பியே வழியாயிற்று. இன்றோ கண்ணாடி இழை வீட்டு வாயிலுக்கே வருகின்றது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் இழைவழி இணைக்கும் நோக்குடன் பாரத்நெட் திட்டம் வகுக்கப்பட்டது.

வாயில் வரை வந்த வசதியை அறைதோறும் கொண்டு செல்வது வீட்டாரின் பொறுப்பாகும். கட்டடங்களில் இவ்வடங்களை ஒழுங்குபட அமைப்பதற்கான தர விதிகள் அமெரிக்காவில் 1991 ஆம் ஆண்டிலேயே வெளியாயின. நம் நாட்டின் 2016 ஆம் ஆண்டுத் தேசியக் கட்டட விதித்தொகுப்பும் தன் எட்டாம் பகுதியில் தகவல் தொடர்பு அமைப்புகளுக்கெனத் தனிப்பிரிவு ஒன்றை ஒதுக்கியுள்ளது.

வைஃபை போதாதா?

கம்பியில்லா வைஃபை இருக்க வடங்கள் எதற்கு என்று சிலர் வினவலாம். வைஃபை என்பது வானொலி அலையே. செங்கல் சுவரும், இரும்புக் கம்பி பின்னிய கான்கிரீட் தளமும் அவ்வலையை வலுவிழக்கச் செய்கின்றன. வேகம் மிக்க 5 கிகாஹெர்ட்ஸ் அலை, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைக் காட்டிலும் சுவரைக் கடப்பதில் மெலிவுடையது. எனவே கூடத்தில் வைத்த ரூட்டரின் பயன் மாடியறைக்கு முழுமையாய் எட்டுவதில்லை. மாடிக்கு ஒரு வடம் சென்று, அங்கொரு வைஃபை பரப்பும் கருவி பொருத்தப்படுமாயின் இக்குறை தீரும். ஆக, நல்ல வைஃபைக்கும் வடமே அடித்தளம் என்பதை உணர்தல் வேண்டும்.

நடுநிலையமும் கிளைகளும்

வீட்டினுள் ஓரிடத்தை நடுநிலையமாகக் கொண்டு, ஒவ்வோர் அறைக்கும் தனித்தனி வடம் அங்கிருந்தே செல்லுமாறு அமைப்பதே முறையாகும். ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு மாலைபோல் கோத்துச் சென்றால், ஓரிடத்தில் அறுபடினும் அதற்கு அப்பாலுள்ளவை அனைத்தும் செயலிழக்கும்.

நடுநிலையத்துக்குக் காற்றோட்டமுள்ள சிறு அலமாரி போதும். கோடையில் 40 பாகை செல்சியசைத் தொடும் வெப்பம் நம் பகுதிக்குப் புதிதன்று. ஆதலின் மேல்தளத்தை ஒட்டிய பரண், சமையலறை, குளியலறைச் சுவர் ஆகியவற்றை விலக்கித் தரைத்தளத்தில் இடம் தேர்வது நன்று. அவ்விடத்தில் மின்முனைகள் இரண்டேனும் இருத்தல் வேண்டும். தெருவிலிருந்து அவ்விடத்துக்கு இரு குழாய்கள் வரட்டும். ஒன்று இன்றைக்கு, மற்றது நாளைக்கு. மழைநீர் உட்புகா வண்ணம் அவை வெளிப்புறம் சற்றே சாய்ந்திருத்தல் வேண்டும்.

கோடை இடிமழையின்போது கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. மாடியில் உள்ள டிஷ் ஆன்டெனாவின் செம்பு வடமோ கடத்தும். எனவே ஆன்டெனாவுக்கு முறையான நில இணைப்புத் தருதல் இன்றியமையாதது.

வடமும் குழாயும்

கணினி வடத்தினுள் எட்டுக் கம்பிகள் நான்கு இணைகளாக முறுக்கப்பட்டிருக்கும். புறத்தே எழும் மின்னிரைச்சல் இணையின் இரு கம்பிகளையும் ஏறத்தாழ ஒரே அளவில் தாக்குவதால், பெறும் கருவி இரண்டின் வேறுபாட்டை மட்டும் கொண்டு அவ்விரைச்சலை நீக்கிவிடுகின்றது. முறுக்கின் பயன் இதுவே. கேட் 5இ வகை வடம் 100 மீட்டர் வரை நொடிக்கு ஒரு கிகாபிட் செய்தியைச் சுமக்கும். கேட் 6 வகை 55 மீட்டர் வரை 10 கிகாபிட் சுமக்க வல்லது. நம் வீடுகளின் அளவுக்குக் கேட் 6 தாராளமாகப் போதும். வாங்கும்போது கம்பியின் மேற்பரப்பைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தல் வேண்டும். உள்ளே வெண்ணிறம் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், எளிதில் முறியும், மின்தடை மிகும். அதனைத் தவிர்க்க.

மின்சாரக் கம்பியும் செய்தி வடமும் ஒரே குழாயில் ஒருபோதும் செல்லலாகாது. 230 வோல்ட் மின்சாரத்தோடு உறவாடுவது உயிருக்கே ஊறு. இரண்டும் இணையாகச் செல்லுமிடத்து ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் இடைவெளி விடுதலும், குறுக்கிடுமிடத்துச் செங்கோணத்தில் கடத்தலும் நலம். 25 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாயில் மூன்று வடங்களுக்கு மேல் திணித்தல் வேண்டா. வளைவுகள் மென்மையாக இருக்கட்டும். ஒவ்வொரு குழாயிலும் இழுகயிறு ஒன்றை விட்டுவைத்தால், வருங்காலத்தில் வரும் புதுவகை வடத்தைச் சுவர் உடைக்காமலே இழுத்துக்கொள்ளலாம்.

தளம் வார்க்கும் முன்

இளம்பிள்ளை, இராசிபுரம் நெசவாளர்க்கு ஓர் உண்மை நன்கு தெரியும்: பாவு ஒழுங்குபட்ட பின்னரே ஊடு ஓடும். வீட்டுக்கும் அதுவே நெறி. சென்ட்ரிங் பலகை அடித்து, இரும்புக் கம்பி கட்டி முடித்த நாளுக்கும் கான்கிரீட் கொட்டும் நாளுக்கும் இடைப்பட்ட காலமே தளத்தில் குழாய் பதிக்க உரிய காலமாகும். பின்னர் நினைவுக்கு வந்து தூணையும் உத்திரத்தையும் வெட்டினால் வீட்டின் வலிமையே குன்றும். எனவே வரைபடத்தில் ஒவ்வொரு முனையையும் குறித்து, மின்பணியாளரையும் கொத்தனாரையும் ஒருங்கே அமர்த்திப் பேசுதல் வேண்டும். பதித்த குழாய்களை ஒளிப்படம் எடுத்து, வடத்தின் இரு நுனிகளிலும் ஒரே எண்ணை எழுதி, அவ்வரைபடத்தை வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வைத்தல் நன்று. வண்ணம் பூசுமுன் எட்டுக் கம்பிகளும் சரியாக இணைந்துள்ளனவா எனச் சோதித்தல் வேண்டும்.

எந்த அறைக்கு முனை?

இவையனைத்தினும் முதன்மையான வினா இதுவே. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடங்கள் கைப்பேசி வழியாகவும் கல்வித் தொலைக்காட்சி வழியாகவும் வந்தன. ஒரே கருவியும் ஒரே கூடமும் உள்ள வீடுகளில் முதலில் யார் அமர்வது என்னும் பூசல் எழுந்தது. பல வீடுகளில் விட்டுக்கொடுத்தவள் பெண்பிள்ளையே என்பதை நாம் கண்டோம்.

இன்று புதுமனை வரைபடங்களை நோக்குங்கால், தலைமகன் அறைக்கும் கூடத்துக்கும் முனை குறிக்கப்படுகின்றது. மகளின் அறை விடுபடுகின்றது. ‘நாளை வேறு வீட்டுக்குப் போகிறவள்தானே’ என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். கல்வி தேடுதல் ஆண், பெண் இருபாலார்க்கும் கடமை என்று கற்ற சமுதாயம் நாம். அவள் அந்த வீட்டில் வாழும் ஆண்டுகளே அவள் கற்கும் ஆண்டுகள் அல்லவா? சில மீட்டர் வடத்தில் செய்யும் சிக்கனம் அவள் கல்வியில் விழும் குறையாகலாம்.

மூடிய அறைக்குள் இணையம் செல்வதை எண்ணிப் பெற்றோர் அஞ்சுவதும் புறக்கணிக்கத்தக்கதன்று. அவ்வாறு கருதுவோர், எல்லோரும் நடமாடும் இடத்தில் படிப்பு மேசை அமைத்து, ஆண்பிள்ளைக்கும் பெண்பிள்ளைக்கும் அருகருகே இரு முனைகள் வைக்கலாம். அச்சம் நியாயமெனில் அது இருவர் பொருட்டும் எழ வேண்டுமன்றோ? அவ்வாறே, வளைகுடா நாட்டில் பணிபுரியும் மகனின் முகத்தைக் காண ஏங்கும் முதியோர்க்குக் கீழ்த்தள அறையில் ஒரு முனை அமையட்டும்.

வீண்விரயமும் வேண்டா, கஞ்சத்தனமும் வேண்டா. வடம் இன்று இழுக்க இயலாதெனினும் குழாயையேனும் ஒவ்வோர் அறைக்கும் பதித்துவைப்போம். வீடு நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதில் நம் மக்கள் அனைவர்க்கும் ஒத்த பங்குண்டு. அப்பங்கினைச் சுவர் எழும்போதே நேர்மையாய் வகுத்தளிக்க எல்லாம் வல்ல இறைவன் நமக்கு அருள்புரிவானாக.