பார்பரா ஜோர்டன்: டெக்ஸாஸ் செனட்டில் ஆறு ஆண்டுகள்

பார்பரா ஜோர்டன் என்றதும் அமெரிக்கர்கள் பலருக்கு நினைவுக்கு வருவது 1974-ஆம் ஆண்டில், அதிபர் நிக்சனைச் சிக்கவைத்த வாட்டர்கேட் ஊழல் விசாரணையில் அவர் ஆற்றிய உரைதான். அந்தக் கணீர்க் குரல் தொலைக்காட்சி வழியே வீடுகளுக்குள் போய்ச் சேர்வதற்கு முன்பே அவருடைய அரசியல் வாழ்வின் கடினமான பாதி முடிந்துவிட்டது. டெக்ஸாஸ் மாநிலத் தலைநகர் ஆஸ்டினில், 31 பேர் கொண்ட மாநில செனட்டில், 1967 முதல் 1972 வரை அவர் உறுப்பினராக இருந்தார். அங்கே அவருக்குக் கைகொடுத்தது பேச்சைவிட எண்ணிக்கைதான்.

ஹூஸ்டன் நகரில் கறுப்பின மக்கள் நெருக்கமாக வாழ்ந்த ஐந்தாம் வார்டில் 1936 பிப்ரவரி 21 அன்று அவர் பிறந்தார். மூன்று பெண் பிள்ளைகளில் கடைக்குட்டி. தந்தை பெஞ்சமின் கிடங்கில் வேலை பார்த்தார். பிறகு பாப்டிஸ்ட் சபையின் போதகரானார். வீட்டில் கண்டிப்பு அதிகம். கோவேறு கழுதை வண்டியில் பழைய சாமான் வாங்கி விற்றுவந்த தாய்வழித் தாத்தா ஜான் எட் பேட்டனிடம் மட்டும்தான் சிறுமிக்குச் சுதந்திரம் கிடைத்தது. யாரையும் பார்த்து நடக்காதே, உன் வழியில் போ என்பது அவர் பேத்திக்கு ஊட்டிய பாடம். பள்ளியில் ஒருநாள் ஈடித் சாம்சன் என்ற கறுப்பினப் பெண் வழக்கறிஞர் வந்து பேசினார். அதைக் கேட்ட பிறகு வக்கீல் தொழில்தான் என்று ஜோர்டன் தீர்மானித்துவிட்டார்.

டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் அவர் இளங்கலை படித்திருக்க முடியாது; அங்கே அந்தப் படிப்பு வெள்ளையருக்கு மட்டும். ஹெமன் ஸ்வெட் என்ற கறுப்பினத்தவர் அதன் சட்டக் கல்லூரியில் இடம் கேட்டு வழக்குப் போட்டபோது, அவரைச் சேர்ப்பதைத் தவிர்க்க மாநில அரசு 1947-இல் கறுப்பினத்தவருக்கென்றே ஒரு பல்கலைக்கழகத்தை ஹூஸ்டனில் தொடங்கியது. அதுவே பிறகு டெக்ஸாஸ் சதர்ன் பல்கலைக்கழகம் என்ற பெயர் பெற்றது. ஒதுக்கிவைப்பதற்காகக் கட்டிய அந்த இடத்தில்தான் ஜோர்டனின் பேச்சாற்றல் பட்டை தீட்டப்பட்டது. பயிற்சியாளர் தாமஸ் ஃப்ரீமனின் விவாதக் குழு, ஹார்வர்டு மாணவர்களோடு மோதிச் சமநிலை கண்டது. 1956-இல் ஜோர்டன் பட்டம் பெற்று, பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கப் போனார். தனக்கு இதுவரை கிடைத்த கல்வி எவ்வளவு குறைவானது என்பது அங்கே போனதும்தான் அவருக்குப் புரிந்தது. தனிப் பள்ளி, சமக் கல்வி என்ற பேச்சு வெறும் பேச்சு என்பதை வகுப்பில் உட்கார்ந்தே கண்டுகொண்டார். 1959-இல் சட்டப் பட்டம் கையில் வந்தது.

ஊர் திரும்பி, பெற்றோர் வீட்டுச் சாப்பாட்டு மேசையையே அலுவலகமாக்கிக்கொண்டு வக்கீல் தொழிலைத் தொடங்கினார். 1960-இல் அதிபர், துணை அதிபர் வேட்பாளர்களான கென்னடி, ஜான்சன் இருவருக்காகவும் ஜனநாயகக் கட்சி நடத்திய பிரசாரத்தில், கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளில் தெருத் தெருவாக ஆள் போட்டு வாக்காளர்களை வாக்குச்சாவடிக்குக் கொண்டுவரும் ஏற்பாட்டை நடத்தினார். பேச்சாளர் வராத ஒரு கூட்டத்தில் அவரை மேடையேற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு கட்சிக்காரர்கள் அவரைக் கடிதம் ஒட்டும் வேலைக்கு அனுப்பவில்லை.

1962-இல் மாநிலப் பிரதிநிதிகள் அவைக்குப் போட்டியிட்டுத் தோற்றார். 1964-இல் மறுபடியும் தோற்றார். ஆதரவு இல்லாததால் வந்த தோல்வி அல்ல இது. ஹூஸ்டன் அடங்கிய ஹாரிஸ் கவுண்டியிலிருந்து 12 உறுப்பினர்கள் அந்த அவைக்குப் போனார்கள். அவர்களுக்குத் தனித்தனித் தொகுதி கிடையாது. ஒவ்வோர் இடத்துக்கும் கவுண்டி முழுவதுமே வாக்களிக்கும். ஐந்தாம் வார்டில் ஒருவர் எத்தனை வாக்குகளை அள்ளினாலும், புறநகர் வெள்ளையரின் வாக்குகள் அதை மூழ்கடித்துவிடும். மாநிலத் தேர்தலில் வாக்களிக்க வரி கட்ட வேண்டும் என்ற சட்டமும் அப்போது இருந்தது. ஏழைகளை வாக்குச்சாவடிப் பக்கமே வராமல் செய்ய அது போதுமானதாக இருந்தது. செனட்டின் கதை இன்னும் மோசம். எந்தக் கவுண்டிக்கும் ஒரு செனட்டருக்கு மேல் கிடையாது என்று மாநில அரசியலமைப்பே சொன்னது. 1960 கணக்குப்படி 12 லட்சத்துக்கும் அதிகமான மக்கள் வாழ்ந்த ஹாரிஸ் கவுண்டிக்கும் ஒரே ஒரு செனட்டர்தான்.

தோற்ற வேட்பாளர் பேச்சை மாற்றவில்லை; கீழே இருந்த தரை மாறியது. அலபாமா மாநிலத்திலிருந்து வந்த ரெனால்ட்ஸ் எதிர் சிம்ஸ் வழக்கில், மாநிலச் சட்டமன்றத்தின் இரண்டு அவைகளுக்கும் மக்கள்தொகை அடிப்படையில்தான் தொகுதி வகுக்க வேண்டும் என்று 1964 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டெக்ஸாஸும் வேறு வழியின்றி 1965-இல் தொகுதி எல்லைகளைத் திருத்தி வரைந்தது. ஹூஸ்டனில் புதிதாக உருவான 11-ஆம் செனட் தொகுதிக்குள் கறுப்பினத்தவர், மெக்சிகோ வம்சாவளியினர், தொழிற்சங்கத்தைச் சேர்ந்த வெள்ளையர் ஆகியோர் வந்தார்கள். ஜோர்டன் பழைய தேர்தல் கணக்குகளை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தார். முன்பு தனக்குப் பெருவாரியாக வாக்களித்த சாவடிகள் பெரும்பாலும் இந்தக் கோட்டுக்குள்ளேயே இருந்தன. 1966 பிப்ரவரியில் டெக்ஸாஸின் வாக்கு வரியையும் மத்திய நீதிமன்றம் ஒன்று ரத்து செய்தது.

அந்தக் காலத்து டெக்ஸாஸில் ஜனநாயகக் கட்சியின் முதற்கட்டத் தேர்தலில் வென்றால் பதவி கிடைத்தது போலத்தான். அங்கே எதிர்த்து நின்ற சார்லஸ் விட்ஃபீல்டு பதவியிலிருந்த சட்டமன்ற உறுப்பினர், முற்போக்காளர். இனி இந்த ஊரில் வெள்ளையர் ஜெயிக்கவே முடியாதா என்ற கேள்வியை அவர் கிளப்பினார். இந்த முறை முடியாது என்று ஜோர்டன் கூட்டங்களில் பதில் கொடுத்தார். வெற்றி பெரிய வித்தியாசத்தில் வந்தது. 1883-க்குப் பிறகு டெக்ஸாஸ் செனட்டுக்குள் போன முதல் கறுப்பினத்தவர் அவர். கறுப்பினப் பெண்களில் முதல்வரும் அவரே. 1967 ஜனவரியில் பதவியேற்றபோது மற்ற 30 பேரும் ஆண்கள்.

வந்த வேகத்தில் முழங்குவார் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். அவர் முதலில் விதிப்புத்தகத்தைப் படித்தார். யார் யாருக்குக் கடன்பட்டவர், யாருடைய மனம் எங்கே இளகும் என்று கவனித்தார். மூத்த பழமைவாத உறுப்பினர்களோடு உட்கார்ந்து பேசினார். அப்போது டெக்ஸாஸ் செனட்டில் நிகழ்ச்சி வரிசையை மீறி ஒரு மசோதாவை எடுக்க மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவைப்பட்டது. அநேகமாக எல்லா மசோதாக்களும் அப்படித்தான் எடுக்கப்பட்டன. ஆகவே 31 பேரில் 11 பேர் சேர்ந்து மறுத்தால் எந்த மசோதாவும் நகர முடியாத நிலை இருந்தது. வாக்காளர் பதிவைக் கடினமாக்கும் மசோதா ஒன்று வந்தபோது ஜோர்டன் மேடைப் பேச்சில் இறங்கவில்லை. தன்னோடு சேர்த்து 11 பேரைப் பிடித்தார். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக வாக்குறுதி வாங்கினார். பட்டியலை மசோதாவைக் கொண்டுவந்தவரிடமே காட்டினார். விவாதத்துக்கு வராமலேயே மசோதா செத்தது. அந்த முதல் கூட்டத்தொடர் முடிந்தபோது, சக செனட்டர்கள் அவரைப் பாராட்டித் தீர்மானம் நிறைவேற்றினார்கள்.

அதே பொறுமைதான் சட்டங்களாகவும் மாறியது. டெக்ஸாஸ் மாநிலத்தின் முதல் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் அவர் முயற்சியில் நிறைவேறியது. பண்ணைத் தொழிலாளர், சலவையகத் தொழிலாளர் என்று மத்திய சட்டத்தின் கை எட்டாதவர்களுக்காக எழுதப்பட்டது அது. வேலையில் அடிபட்டவர்களுக்கான நட்டஈட்டை உயர்த்தவும், அரசு ஒப்பந்தங்களில் இனப் பாகுபாட்டைத் தடுக்கவும் உழைத்தார். தொழிலாளர் விவகாரக் குழுவின் தலைவர் பதவியும் அவருக்கு வந்தது.

இந்த அணுகுமுறைக்கு விலையும் உண்டு. அதிகாரத்தில் இருப்பவர்களோடு இழைகிறார் என்று கறுப்பினச் செயல்பாட்டாளர்கள் சிலர் குறை சொன்னார்கள். 1971-இல் தொகுதி எல்லைகளை மறுபடி வரைந்தபோது, துணை ஆளுநர் பென் பார்ன்ஸ் அவரை அதற்கான குழுவின் துணைத் தலைவராக்கினார். ஹூஸ்டன் மையப் பகுதியை உள்ளடக்கிய 18-ஆம் காங்கிரஸ் தொகுதி பிறந்தது. அது ஜோர்டனுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை போலிருந்தது. மாறாக அவருடைய பழைய செனட் தொகுதி கலைந்துபோய், கறுப்பின வேட்பாளர் வெல்வது கடினமாகிவிட்டது. அந்த இடத்தை எதிர்பார்த்திருந்த சட்டமன்ற உறுப்பினர் கர்ட்டிஸ் கிரேவ்ஸ், ஜோர்டன் தங்களை விற்றுவிட்டார் என்று பகிரங்கமாகவே குற்றம் சாட்டினார். 1972-இல் காங்கிரஸ் இடத்துக்கான முதற்கட்டத் தேர்தலில் கிரேவ்ஸ் அவரையே எதிர்த்து நின்று படுதோல்வி அடைந்தார். வாக்காளர் தீர்ப்பு தெளிவாகவே இருந்தது. அதனால் கிரேவ்ஸின் கேள்வி பொய்யாகிவிடாது. எல்லைக்கோடு எப்படி ஆளை உருவாக்கும் என்று அனுபவித்து அறிந்தவர், பேனா தன் பக்கம் வந்ததும் தனக்காகவும் வரைந்துகொண்டார் என்பதே உண்மை.

1972 மார்ச்சில் செனட்டின் தற்காலிகத் தலைவராக அவரைச் சக உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தார்கள். ஆளுநரும் துணை ஆளுநரும் ஒரே நாளில் மாநிலத்துக்கு வெளியே போய், அந்தப் பதவியில் இருப்பவரை ஒருநாள் ஆளுநராக்குவது டெக்ஸாஸ் வழக்கம். அப்படி ஜூன் 10 அன்று பார்பரா ஜோர்டன் ஆளுநர் நாற்காலியில் அமர்ந்தார். அதைப் பார்க்க வந்திருந்த தந்தை அங்கேயே நோய்வாய்ப்பட்டு, மறுநாள் இறந்துபோனார்.

அந்த ஆண்டே காங்கிரஸ் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வானார். முன்னாள் அதிபர் ஜான்சனின் பரிந்துரையால் சட்டவிவகாரக் குழுவில் இடம் கிடைத்தது. அதிபர் நிக்சன் மீதான பதவிநீக்க விசாரணையில் 1974 ஜூலை 25 அன்று அவர் பேசியது அந்தக் குழுவில்தான். அரசியலமைப்பு எழுதப்பட்டபோது தன்னைப் போன்றவர்கள் மக்கள் என்ற கணக்கில் சேர்க்கப்படவில்லை என்று தொடங்கி, அதன் மீது தனக்குள்ள நம்பிக்கை முழுமையானது என்று அறிவித்தார். 1976-இல் ஜனநாயகக் கட்சி தேசிய மாநாட்டில் முதன்மை உரை ஆற்றிய முதல் கறுப்பினப் பெண்ணும் அவர்தான்.

நரம்பு மண்டலத்தைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் நோய் 1973-லிருந்தே அவரை வாட்டியது. அதை அவர் வெளியே சொல்லவில்லை. 1979 ஜனவரியில் காங்கிரஸை விட்டு, ஆஸ்டினில் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். ஒரு காலத்தில் இளங்கலை மாணவியாக அவரைச் சேர்த்திருக்காத அதே பல்கலைக்கழகம் அது. 1994-இல் அதிபரின் சுதந்திரப் பதக்கம் பெற்றார். 1996 ஜனவரி 17 அன்று காலமானார்; ஆஸ்டினில் மாநில இடுகாட்டில் அவரை அடக்கம் செய்தார்கள்.

காங்கிரஸில் அவர் செய்த வேலைகளில், டெக்ஸாஸோடு நேரடியாகத் தொடர்புடையது 1975-ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டத் திருத்தம். அதுவரை அந்தச் சட்டத்தின் கடுமையான பிரிவுகள் டெக்ஸாஸைத் தொடவில்லை. ஆங்கிலம் தாய்மொழியல்லாத சிறுபான்மையினரையும் சேர்த்து, தன் மாநிலத்தையே சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவர அவர் பாடுபட்டார். சொந்த மாநில ஆளுநரே அதை எதிர்த்தார். அதன் பிறகு டெக்ஸாஸ் தன் தேர்தல் விதிகளையோ தொகுதி எல்லைகளையோ மாற்ற மத்திய அரசின் முன்அனுமதி தேவைப்பட்டது. அந்த முன்அனுமதிக்கு எந்த மாநிலங்கள் உட்படும் என்று தீர்மானித்த விதியை 2013-இல் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது.